ஆறிலிருந்து ஐந்து

என் ஆய்வுக்கு ஆறு கிடைத்திருக்கிறது.
மதிப்பெண்ணல்ல, கவனம்.
இணையத்தில் யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள் என்று
எண்ணிக் கூட்டி ஒரு வண்ண வளையமாக்கித் தருகிறார்கள்.
செய்தித்தாள் என்றால் எடை அதிகம், நிறம் சிவப்பு.
ஒருவரின் ஒற்றை வரி என்றால் ஒன்று, நீலம்.
என் வளையத்தில் நீலம் மட்டும்.

சோமனூரில் இருநூற்றுப் பன்னிரண்டு விசைத்தறிக்காரர்கள்.
நானூற்று இருபத்துநாலு காதுகள்.
ஊரில் இருப்பதிலேயே அமைதியான இடம்
முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு.
அண்டாக்களுக்கு நடுவே ஹெட்போன் மாட்டிவிட்டு
"சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்றேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸ் போகும்போது
கைகள் மடியிலேயே கிடந்தன.
இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பதுபோல்
முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.
அந்த இடத்தில் வரைகோடு
கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கும்.
இருநூற்றெழுபது கிணறுகள் எண்ணினேன்.

மூன்று வருஷம்.
ஆறு.

அதே கட்டிடம், மூன்றாம் மாடி.
டாக்டர் அர்த்தனாரி
பத்தொன்பது எலிகளுக்கு ஈரோட்டு மஞ்சள் கொடுத்தார்.
எழுநூற்று முப்பது.
வளையத்தில் இல்லாத நிறமில்லை.
எலிகள் என்ற சொல் முதல் நாளே உதிர்ந்துவிட்டது.
அடுத்த வாரம் மஞ்சள் சர்க்கரையைக் குணமாக்கியது,
அதற்கடுத்த வாரம் எல்லாவற்றையும்.
பாவம், மனுஷன் மறுத்து எழுதினார்.
மறுப்பும் கணக்கில் சேர்ந்தது: எழுநூற்று ஐம்பத்தொன்று.
கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து
"உங்க ஆறக் குடுத்துட்டு இத எடுத்துக்கங்க" என்றார்.
சிரிக்கவில்லை.
தயிர்சாதத்தையும் பாதியில் மூடிவிட்டார்.

என் ஆறு யாரென்று ஓர் இரவு போய்ப் பார்த்தேன்.
எங்கள் கல்லூரியே போட்டுக்கொண்டது ஒன்று.
காது மெஷின் விற்கிற கம்பெனி இரண்டு முறை.
தலைப்பை மட்டும் ஒப்பிக்கும் ஓர் இயந்திரக் கணக்கு.
பிரேசிலில் ஒரு செவிமருத்துவர், ஒரே ஓர் ஆச்சரியக்குறி.
ஆறாவது, படமில்லாத யாரோ:
'எங்கப்பாவும் தறி ஓட்டினார்.'

போன செவ்வாய்க்கிழமை ஆறு ஐந்தாகிவிட்டது.
எண் இறங்கும் என்று எனக்குத் தெரியாது.
எழுதியவர் அழித்துவிட்டால் இறங்குமாம்.
உருட்டி உருட்டித் தேடினேன்.
தறி ஓட்டிய அப்பாவைக் காணோம்.

ஒரு பெட்டி ஆரஞ்சு நிறக் காதடைப்பான்களோடு
சனிக்கிழமை மறுபடி சோமனூர் போனேன்.
நாச்சிமுத்து கொட்டகை, நாற்பத்தெட்டு தறி, எட்டுப் பேர்.
உள்ளே பேச்சு காதுக்கு வராது,
உதட்டைத்தான் பார்க்க வேண்டும்.
வேலாத்தாள் என் செல்போனைப் பார்த்து
வாயை அகலத் திறந்து கேட்டாள்:
"இதென்னுங்க, அஞ்சு?"
எத்தனை பேர் கவனித்தார்கள் என்ற கணக்கு என்றேன்.
தறியின் மீட்டர் பெட்டியைக் காட்டினாள்.
"இதுவும் ஓடறதத்தானுங்க எண்ணும்.
அறுந்த இழைய நாந்தான் பாக்கோணும்."

மாதம் கழித்துப் போனபோது
எட்டுப் பேர் காதிலும் ஆரஞ்சு.
எட்டும் இடது காது.
வலது காது திறந்து கிடந்தது.
"ரெண்டையும் அடச்சா தறி நின்னது தெரியாதுங்க,
கூலி போயிரும்" என்றார் நாச்சிமுத்து.
"ஒண்ணு தறிக்கு, ஒண்ணு உங்குளுக்கு."

எட்டு இடது காதுகளை
எந்த வளையத்தில் சேர்ப்பார்கள், என்ன நிறம் கொடுப்பார்கள்,
துறைத்தலைவரிடம் எந்தக் கட்டத்தில் எழுதுவேன்
என்று யோசித்தது பேருந்து நிறுத்தம் வரைக்கும்தான்.
ஏறி உட்கார்ந்ததும்
கருமத்தம்பட்டி தாண்டுகிறவரை
அந்த வலது காதுகளின் கவலை.
டிக்கெட்டுக்காக நடத்துனர்
என்னிடம் இரண்டு முறை கேட்டாராம்.