வழுவமைதி

புதன் காலை ஆறு மணிக்கு
வைகை அணையின் மதகுகளைத் தூக்கியாயிற்று.
வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிடும்.
நடுவில் இரண்டு நாள்
ஓபுளா படித்துறைக்குக் கீழே வெறும் மணல்,
மணலில் நிறுத்திய லோடு வேன்கள்,
ஒரு பக்கம் மட்டும் ஸ்டம்பு நட்ட கிரிக்கெட்.

எனக்கு நாள் கூலி அறுநூறு.
சிக்கந்தர் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி
கரை நெடுக நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்:
"தண்ணீர் திறந்து விடப்பட்டுள்ளதால்..."
ஆற்றில் ஒரு சொட்டு இல்லை.
வினை மட்டும் முடிந்துபோயிருக்கிறது.

விருமாயி எருமையை அவிழ்க்கவில்லை.
மூன்று எருமை, ஒரு கன்று.
தட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"வெள்ளிக்கிழம நான் இங்கன நிப்பேனா மாட்டேனா,
அது இப்பவே முடிவாயிருச்சா?
ஆயிருச்சுன்னா நீ எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துற?
ஆகலேன்னா,
தண்ணிக்கு மட்டும் எப்பிடி ஆச்சு?"

சிக்கந்தர் சிரித்தான்.
தண்ணீரோடு சேர்த்து என் கத்தலையும்
அணையிலேயே திறந்து விட்டிருப்பார்கள் என்றான்.
அப்ப நான் கத்தாட்டி?
கத்தாம இருந்துதான் பாரேன்.

மைக்கை மடியில் வைத்தேன்.
செல்லூர்த் திருப்பம் வரை பேசவில்லை.
எவ்வளவு விடுதலை,
அடிவயிற்றில் எவ்வளவு பயம்.
அப்புறம் ஒரு பையன் பந்து பொறுக்க
ஆற்றுக்குள் ஓடினான்.
வாய் தானாகத் திறந்துகொண்டது.
தானாக என்றால்
யாராக?

எதிர்காலம் எதிரே இருந்து வருவது.
இறந்தது என்றால் செத்தது இல்லை, கடந்தது.
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான்.
கிளம்பாதவன் 'வந்துட்டேன்' என்று சொல்வதற்கும்
இலக்கணத்தில் இடம் உண்டு:
பிழைதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று.
நிகழ்வதற்கு மட்டும்
எந்தத் திசை என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.
தண்ணீர் வரவில்லை.

மணல் குடிச்சிருச்சு என்றார்கள். கொச்சடைக்கு மேலே
போய்ப் பார்த்தோம்.
ஒரு முழ அகலத்தில் நாக்கு.
நுரை, கட்டெறும்பு, வேப்பம்பழம்,
இடதுகால் செருப்பு ஒன்று.
ஒரு குழந்தையின் காலடித் தடத்துக்குள் அது
இறங்கி, நிரம்பி, விளிம்பேற
நாற்பது வரை எண்ணினேன்.
அந்த நாற்பதுக்குள்
வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.
யோசிக்கவில்லை. சரிவு இடப்பக்கம்.
அந்தச் சரிவைப் போட்டது
போன வருஷத்துத் தண்ணீர்.

குனிந்து, கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்தேன்.
வலப்பக்கம் திரும்பிற்று.
சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடி.
பிறகு விரலைப் பார்த்தேன்,
அது யாருடைய சரிவு என்று.

அதற்கு மேல் நகரவில்லை.
ஊறிப்போய்க்கொண்டே இருந்தது.
புதன்கிழமை புறப்பட்ட ஒன்று
எந்த வெள்ளிக்கிழமைக்கும் போய்ச் சேராமல்
என் காலடியில் முடிந்தது.

முந்தின ராத்திரியே
எருமைகளை மேட்டில் கட்டிவிட்டாளாம் விருமாயி.
"ஓம் மைக்குக்காக இல்ல,
கன்னுக்குட்டிக்குக் குளம்புல புண்ணு" என்றாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து
மைக்கைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.
எங்க இருக்க, சோறு ஆறுது என்றார் வீட்டுக்காரர்.
"இந்தா வந்துட்டேன்."
சிக்கந்தர் இன்னும் வண்டியைக் கிளப்பவே இல்லை.
மைக்கை அணைத்திருக்கவும் இல்லை.
வந்துட்டேன் என்று என் குரல்
காய்ந்த ஆறு முழுக்கப் போயிற்று.

அக்கரையில் யாரோ ஒருத்தி
மணலில் காயப்போட்ட துணிகளை
வாரிச் சுருட்டிக்கொண்டு
மேடேறினாள்.