ஆறும் ஒன்பதும்

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ.
கீழே கோழிக் கடை, பக்கத்தில் நகை அடகு.
பெனடிக்ட் அண்ணன் சொன்னார்:
"மாசா மாசம் டொலர்ல கட்டணுமாம்.
ஒன்பதாம் பதிப்பு நெசமாவே வேகமா,
இல்ல பழசுக்குப் புதுப் பெயின்டா?
ஓட்டிப் பாத்துச் சொல்லு, சத்தியகலா."

ஒரே கார்ட்.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்,
மேல்பிரிவுக் கோயில் கல்யாணம்.
ஒரே கொம்பியூட்டர், எட்டு ஜீபி,
மூடி கழற்றிய தூசிப் பெட்டி.
கரண்ட் பில்லின் முதுகில் கோடு கிழித்து
இடப்பக்கம் ஆறு
வலப்பக்கம் ஒன்பது.
கையில் ஃபோன்,
அதில் ஓடத் துடிக்கும் செக்கன்கள்.

திறக்க: ஆறுக்குப் பதினொன்று.
ஒன்பதுக்கு நாற்பத்தேழு,
அதுவரை யாரோ ஒரு வெள்ளைக்காரியின் தோள்பட்டையைக் காட்டி
என்னை உட்கார வைத்திருந்தது.

பெண்ணை மட்டும் பிரித்தெடுக்க:
ஆறில் மவுஸைப் பிடித்துக்கொண்டு
கொண்டை, காது, மாலை என்று
ஓரமாய் ஊர்ந்தேன். ஏழு நிமிடம்.
ஒன்பது ஒரே சொடுக்கில்
மூக்குத்தி வரைக்கும் வெட்டித் தந்தது.
ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இருட்டில் எடுத்தால் விழுமே மணல்,
அந்தப் புள்ளிகளைத் துடைக்க
ஆறுக்கு ஒன்பது செக்கன்,
ஒன்பதுக்கு ஆறு நிமிடம்.
எழுதும்போதே இரண்டு தரம் குழம்பி
அடித்துத் திருத்தினேன்.
பெட்டியின் விசிறி
மேட்டில் ஏறும் கொழுந்து லொறிபோல் இரைய,
பதுளை வண்டி வந்தது, நின்றது, போனது.
கோடு அறுபத்து மூன்றிலேயே நின்றது.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க
பெண்ணின் அம்மாவும் அக்கா யோகமலரும் வந்தார்கள்.
நூற்று நாற்பத்தேழாவது படம்.
மாப்பிள்ளையின் விரலில் தாலி, இன்னும் முடிச்சு விழவில்லை.
"இது யாரு?" என்றார் அம்மா.

கூட்டத்துக்குப் பின்னால், கோயில் வாசலில்,
பளிச்சென்று ஒரு மனிதர்.
மழித்த கன்னம், வரிசைப் பல்,
எதையும் பார்க்காத இரண்டு நல்ல கண்கள்.
"நம்ம டிவிசன்ல இப்படி ஆளே இல்லியே."
வட்ஸ்அப்பில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார் அவர்.
அங்கேயும் அவரை யாருக்கும் தெரியவில்லை.
சாப்பிட்டுப் போன திருடனாயிருக்கும் என்று பதில் வந்தது.

எனக்கு உறைத்தது.
ஆறின் படத்தைப் பக்கத்தில் போட்டேன்.
வாசலில் வெறும் மணல்,
பழுப்பாய் ஒரு சட்டை,
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஓடி வந்த வேகம் மட்டும்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"அட, இவரு!
பெக்டரியில ராத்திரி வேல, லீவு குடுக்கல.
முடிச்சு விழ முன்னாடி வாசலுக்கு வந்துட்டேன்னு
மூணு வாரமா சத்தியம் பண்றாரு.
நான்தான் நம்பல.
மூணு வாரமா பேசவும் இல்ல."

வேலை விடுவது ஆறரைக்கு.
படத்தின் விவரத்தைத் திறந்தேன்:
ஆறு ஐம்பத்திரண்டு.
இரண்டரை மைல் குறுக்குப்பாதை, தூறல், அட்டை,
காலில் ரப்பர் செருப்பு.
இருபத்திரண்டு நிமிடம்.

யோகமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அம்மா சிரிக்கவில்லை.
"அந்தப் பல்லுக்காரன எடுத்துருங்க.
இவர இப்படியே பெருசாப் போடுங்க."

பெரிதாக்கினால் இன்னும் மணலாகும் என்றேன்.
ஆகட்டும் என்றார்.

சாயங்காலம் பெனடிக்ட் அண்ணன்
பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இருபத்திரண்டு நிமிசம்,
இது எந்தப் பக்கத்துக் கணக்கு?"
நான் கோட்டுக்கு வெளியே எழுதியிருந்தேன்.

சொல்ல மறந்த ஒன்று:
செய்ததைத் திரும்பப் பெற
இரண்டுக்கும் ஒரு செக்கன்கூட ஆகவில்லை.
அதில் மட்டும் சமம்.