வேலி எங்கே போகட்டும்

ஓஹாயோவிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள்.
ஒரு வெள்ளை வேன், பின்னால் கட்டி இழுத்த வண்டியில் கம்பங்கள்.
ஆண்களின் கால்சட்டைக்குத் தோளில் வார்,
பெண்களின் கொண்டைக்கு மேல் வெள்ளைத் துணி.
காப்பி போட என்னிடம் தண்ணீர் இல்லை என்றேன்.
தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள்.
காப்பியும்.

எங்கள் மலையிலிருந்து கடலுக்கு முந்நூறு மைல்.
கடலைப் பார்த்தே இராத என் எட்டுப் பசுக்கள்
கடல் அனுப்பிய மழையில் செத்தன.
ஆகஸ்ட் மாதம் பூட்ஸ் நனையாமல் நான் தாண்டுகிற ஓடைதான்,
வைக்கோல் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது,
பூட்டைக்கூட உடைக்காமல்.

முள்கம்பியைச் சேற்றுக்குள்ளிருந்து இழுப்பது
மீன் பிடிப்பது போல இல்லை.
என்ன வரும் என்று கை பயப்படும்.
ஒரு திரைச்சீலை வந்தது. யாரோ ஒருவரின் தபால் பெட்டி,
எண் நாற்பத்தொன்று.
பிறகு ஒரு கன்றின் கால்; அங்கே எல்லோரும் நிறுத்தினோம்,
பையன் ஒருவன் மட்டும் மண்வெட்டி எடுத்துப் போனான்.

லோவீனா என்ற பெண் தபால் பெட்டியைக் கழுவினாள்.
“நாற்பத்தொன்று எந்தத் தெரு?”
அந்தத் தெருவே இப்போது இல்லை என்றேன்.
சரி என்றாள்,
கழுவிக்கொண்டேயிருந்தாள்.

மதியம் சாப்பாட்டுக்கு முன் தலை குனிந்தார்கள்.
நான் குனியவில்லை.
கையில் கம்பி வெட்டி, வாயில் ஒரு மாதமாக அடக்கிய கேள்வி.
கேட்டே விட்டேன்:
“நன்றி சொல்கிறீர்களே, யாருக்கு?
மழையை அனுப்பியவருக்கா?”
ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை.
ஆர்லன், அவர்களில் பெரியவர், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர்,
வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.
“எனக்கும் தெரியவில்லை, அம்மா.
அந்த உப்பை இப்படித் தள்ளுங்கள்.”

வேதப் பக்கம் எதையாவது விரிப்பார் என்று நினைத்திருந்தேன்.
பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன்.
வீணாய்ப் போனது.

மூன்றாம் நாள்தான் சிக்கல்.
கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஆர்லன் கேட்டார்:
“வேலி எங்கே போகட்டும்?”
ஓடைதான் எல்லை, பத்திரத்தில் அப்படித்தான்.
ஆனால் ஓடை
நாற்பது அடி என் பக்கம் வந்து படுத்திருக்கிறது.
அந்தப் பக்கம் கார்லண்ட் ஃபோர்ட்னர்.
அவன் காளை என் வேலி தாண்டிய வருடத்திலிருந்து,
ஒன்பது வருடம், நாங்கள் பேசுவதில்லை.
“அவரைக் கூப்பிட வேண்டும்” என்றார் ஆர்லன்.
நான் கூப்பிட மாட்டேன் என்றேன்.
அவர் கம்பத்தைக் கீழே வைத்தார்.
பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள்.
கோபமில்லை, பாட்டில்லை, ஒன்றுமில்லை.
ஒருவன் ஆப்பிளைத் துடைத்துத் தின்றான்.

நானே போனேன்.
கார்லண்டின் வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு.
அவன் தன் சமையலறைக் கதவில்லாத வாசலில் நின்று
“உன் பசு?” என்றான்.
“எட்டு.”
“எனக்குப் பதினாறு.”
அதற்குமேல் இரண்டு பேருக்கும் கணக்கு வரவில்லை.

வந்தான். பழைய ஓடை இருந்த இடம் என்று
ஒரு கல்லைப் போட்டான்.
நான் அதை இரண்டு எட்டு அவன் பக்கம் நகர்த்தினேன்.
அவன் ஓர் எட்டு திருப்பி நகர்த்தினான்.
ஆர்லன் எங்களைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார்.
“இங்கேயா?”
இருவரும் பதில் சொல்லவில்லை.
அவர் குழி தோண்டத் தொடங்கினார்.

சனிக்கிழமை போய்விட்டார்கள்.
இருநூற்றுப் பதினாறு கம்பம்,
மிச்சமான ஆணி ஒரு டப்பா,
கழுவிய தபால் பெட்டி என் வாசல் படியில்.
அதற்குள் ஒரு கடிதமும் இல்லை, பார்த்துவிட்டேன்.

நான் இன்னும் தலை குனிவதில்லை.
கேள்வி இன்னும் அங்கேயேதான், ஆறாமல்.
ஆனால் மாலையில் மாடுகளை எண்ணும்போது
வேலிக்கு அந்தப் பக்கமும் எண்ணிவிடுகிறேன்.
நேற்று ஒன்று குறைந்தது.
டார்ச் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் நடந்தேன்.