கழிவுக் கணக்கு

நாலாம் குறுக்குத் தெருவில்
நடுமதியத்திலும் லைட் எரிகிற கிட்டங்கி.
பல்பைச் சுற்றி நாலைந்து.
விரல்நகம் அளவுதான்,
பழஞ்சாக்கின் நிறம்,
பேனாவை உதறினாற்போல் இறக்கையில் புள்ளிகள்.
"வண்ணத்துப்பூச்சி வந்திருக்கு ஐயா"
மூட்டையை இறக்கிவிட்டுச் சவரியான் சொன்னான்.
பேரேட்டிலிருந்து நான் தலை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது நாற்றம்.
பொரலந்தைக் கிழங்கு, குலதுங்கவின் லொறி.
கண் என்று நாம் சொல்லும் குழிகளில்
ஈரத் தேயிலைத்தூள் போல எச்சம்.
பிளந்தால் தோலுக்கடியில் ஒரு சுரங்கம்,
அதன் முடிவில் நூல் பருமனில்
தலை மட்டும் கபிலமான வெள்ளைப் புழு,
வெளிச்சம் கூசிப் பின்வாங்கியது.

"பதினொரு மூட்டை கழி" என்றார் முதலாளி.
கழித்தேன்.
போனில் குலதுங்க அதிகம் பேசவில்லை.
நன்றாக மண் அணைத்துத்தான் வைத்தாராம்,
ஒரு கிழங்கும் வெயில் காணவில்லையாம்,
ஓர் இரவும் வயலில் கிடக்க விடவில்லையாம்.
எல்லாம் சிங்களத்தில்.
"ஹரி, ஹரி" என்றேன் நானும்.

திணைக்களத்திலிருந்து திலகேஸ்வரி வந்தார்.
மூன்று மஞ்சள் பேசின்,
சிமிழுக்குள் சிறு ரப்பர் முளைகள்.
பெண்பூச்சியின் வாசனையாம், நமக்கு மணக்காது.
சவர்க்காரத் தண்ணீருக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டார்:
வாசலில், தராசடியில்,
படிக்கட்டுக்குக் கீழே.

காலையில் எண்ணினேன். எண்ணத்தானே சம்பளம்.
வாசல் இரண்டு.
தராசு ஏழு.
படிக்கட்டு, நூற்றிநாற்பதில் நிறுத்திக்கொண்டேன்.
அத்தனையும் ஆண்.
இல்லாத ஒருத்தியைத் தேடி வந்து
நுரையில் இறக்கை ஒட்டிக் கிடந்தார்கள்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு நீலப் படங்கு.
அதற்குள்
விலை ஏறட்டும் என்று முதலாளி ஒதுக்கிய பாகிஸ்தான் கிழங்கு,
மூன்று மாதமாக,
என் பேரேட்டில் இல்லாத மூட்டைகள்.
சாக்கின் தையல் மடிப்பெங்கும்
பொரி சிந்தினாற்போல் கூடுகள்.
வெறுங்கூடுகள்.

திலகேஸ்வரி கேட்டது ஒன்றுதான்:
"பொரலந்தைக் கிழங்கில புழு எவ்வளவு பருமன்?"
"நூல்."
"அப்ப அது இங்க பிறந்தது."
முட்டை பொரிக்க நாலைந்து நாள்,
லொறி வந்தது ஒன்பது நாள் முந்தி.
கழித்தல் எனக்குத் தெரியும்.

அன்றிரவே படங்கோடு அள்ளினோம்.
தெருக்குப்பையில் போட்டால் திரும்பி வரும் என்றதால்
கறுப்புப் பையில் இறுகக் கட்டி
வத்தளைப் பக்கம் கொண்டுபோய் ஆழமாய்ப் புதைத்தான் சவரியான்,
கூலி இரட்டிப்பு, அதுவும் என் பையிலிருந்து.
சுவர் வெடிப்புக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்கு நுளம்பு வலை.
மருதானை ரயில் பாதையோரம் நின்ற நாயுண்ணியை
ஒரு சாக்கு வெட்டி வந்து மூட்டைகள்மேல் பரப்ப,
ஏலம் கேட்க வந்த ஒருவர் தும்மித் தும்மி
விலையை மறந்துபோனார்.

முதலாளி சொன்னார்:
"அடுத்த லொறியில பார்த்துக்கொள்ளலாம்."

குலதுங்கவின் பக்கத்தைத் திருப்பி
பதினொரு மூட்டைக் காசை மறுபடி வரவு வைத்தேன்.
காரணம் எழுதும் கட்டம் சின்னது.
"படிக்கட்டு" என்று எழுத மட்டும் இடமிருந்தது.

முதலாளி பேரேடு பார்ப்பது வெள்ளிக்கிழமை.
இன்று புதன்.
பேசினைக் கவிழ்த்துக் கழுவி
புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன்.