முப்பத்தொன்றாம் பக்கம்

சூரமங்கலம் ரயில்வே மன்றத்தில்
சனி ஒரு காட்சி, ஞாயிறு ஒரு காட்சி.
மேடையில் என்னைத் தேடாதீர்கள்.
இடதுபக்கத் தட்டிக்குப் பின்னால்
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து
வசனம் எடுத்துக் கொடுப்பவள் நான்.
டார்ச் என்னுடையது.
கொசுவர்த்தியும் என்னுடையது.

நாடகத்துக்குப் பெயர் ‘நாய்க்குணம்’.
நாற்பத்தொன்பதாம் பிறந்தநாளில் ஒருத்தர்
மீசைக்கு மை அடித்து, புல்லட் வாங்கி,
ஏற்காட்டுக் கொண்டை ஊசி இருபதையும்
ஒரே மூச்சில் ஏறப்போவதாகச் சொல்லிக் கிளம்பி
இரண்டாவது வளைவில் இடுப்புப் பிடித்து
மிளகாய் மூட்டையோடு மூட்டையாக
மினி லாரியில் வீடு திரும்புகிற கதை.
எழுதி இயக்கியவர் பல் டாக்டர் தாமோதரன்.
அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதில்
இருபது வருஷ அனுபவம்.

கதாநாயகன் வையாபுரி,
உருக்காலையில் ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர்.
இரண்டு மாத ஒத்திகையில் அவரைப் பற்றித் தெரிந்தது:
டீக்குச் சர்க்கரை கூடாது.
தட்டுவடை செட்டை எந்த டாக்டர் சொன்னாலும் விடமாட்டார்.
முப்பத்தொன்றாம் பக்கம் வந்தால்
நாக்கு நொண்டும்.

அந்தப் பக்கத்தில் மனைவி கேட்கிறாள்
(மனைவியாக ரெஜினா, கூட்டுறவு வங்கிக் காசாளர்):
“உங்களுக்கு என்னதான்யா வேணும்?”
அவர் சொல்ல வேண்டியது:
“புல்லட்டுக்கு ஒரு சைடு பாக்ஸ்.”
சிரிப்பு. விளக்கு அணையும்.
அவ்வளவுதான்.
சனிக்கிழமை ஒழுங்காகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி ஓடவில்லை.
மன்றச் செயலாளர் உத்தரவுப்படி
பெட்ரோலை வடித்துவிட்ட புல்லட்டை
எலக்ட்ரீசியன் பையன்கள் மேடையில் தள்ளி ஏற்றினார்கள்.
மீசை மை வியர்வையில் கரைந்து
வையாபுரியின் உதட்டோரம் இறங்கிக்கொண்டிருந்தது.
“உங்களுக்கு என்னதான்யா வேணும்?”

“புல்லட்டுக்கு”, என்றேன் நான்.
கொஞ்சம் பொறுத்து,
“புல்லட்டுக்கு ஒரு…”

என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
காது கேட்காதவர் பார்வை இல்லை அது.
வேண்டாம் என்று கையமர்த்துகிற பார்வை.
பிறகு ரெஜினாவிடம், சாதாரணமாக,
ஸ்டோர்ஸில் கணக்குச் சொல்வதுபோல்:
“ராத்திரி நான் கேட் திறக்கிற சத்தம் கேட்டா
யாராவது டிவி சத்தத்தைக்
கொஞ்சம் குறைச்சா போதும்.”

மன்றமே குலுங்கிச் சிரித்தது.
இரண்டு நாளிலும் அதுதான் பெரிய சிரிப்பு.
ரெஜினா ஒரு கணம் ரெஜினாவாகவே நின்றாள்.
அப்புறம் மேசைக்குப் போய்
ரிமோட்டை எடுத்து
அட்டையில் செய்த டிவியை நோக்கி நீட்டி
கட்டைவிரலால் மெல்ல மெல்ல அழுத்தினாள்.
மறுபடி சிரிப்பு.
விளக்குப் பையன் எதை அணைப்பதென்று தெரியாமல்
எல்லாவற்றையும் அணைத்தான்.

தட்டி இடுக்கில் எனக்கு மேடை மட்டும்தான் தெரியும்.
அவர் வீட்டிலிருந்து யாராவது வந்திருந்தார்களா,
வந்தவர்கள் சிரித்தார்களா,
தெரியாது.

முகத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்,
“பக்கம் தப்பிட்டேனா மேடம்?”
“ஒரு வரிதான் சார்.”
டாக்டர் ஓடி வந்து தோளைத் தட்டினார்,
“அதை அப்படியே வச்சுக்குவோம்!”
இனிமேல் காட்சி கிடையாது என்பது
அந்த நேரம் யாருக்கும் ஞாபகமில்லை.
நோட்டை மூடுமுன்
‘சைடு பாக்ஸ்’ மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
கோணலாக விழுந்தது.

திரும்பும்போது ஐந்து ரோடு நெரிசலில்
ஆட்டோக்காரர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்து,
“எந்தப் பக்கம் போகணும்க்கா?” என்றார்.

சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்டார்.

வாயில் ஒன்றும் வரவில்லை.
பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்தன.
இருபத்தாறு வருஷமாக இருக்கிற வீடு.
தட்டிக்குப் பின்னால் எனக்கு யாருமில்லை.

அழகாபுரம் என்றேன், கடைசியில்.
தண்ணித் தொட்டிக்கு அடுத்த சந்து.