எட்டு வளையங்கள்

துவாஸில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கட்டடம்.
உள்ளே ஜன்னல் இல்லாத நூறு மீட்டர் சுரங்கம்.
ஜைலானியின் வேலை குழலை அறுப்பது.
என் வேலை எண்ணைப் படிப்பது.

இன்று ஒரு துப்பாக்கிக் குழலை
அங்குலம் அங்குலமாகக் குறைக்கிறோம்.
அறு, முனையைச் சமமாக்கு, பிசிறு எடு,
கிடுக்கியில் பூட்டு, பத்து முறை சுடு.
மறுபடி அறு.

முழு நீளத்தில் நொடிக்குத் தொள்ளாயிரத்து எழுபது மீட்டர்.
முதல் அங்குலம் போனபோது ஒன்பது குறைந்தது.
இரண்டாவதுக்கும் ஒன்பதுதான்.
யாருக்கும் வலிக்கவில்லை.
ஆறாவதுக்குப் பதினாறு.
எட்டாவது துண்டு தட்டில் விழுந்த பிறகு
இருபத்து மூன்று.
ஒரே அளவு வெட்டுதான்,
கடைசியில் வெட்டியதற்கு விலை அதிகம்.

பின்னாலிருந்து வாயு தள்ளும் வரைதான்
குண்டுக்கு வேகம் ஏறும்.
வாசல் சீக்கிரம் வந்துவிட்டால்
தள்ள வந்த நெருப்பு
வெளியே வந்து நின்று கத்துகிறது.
சுரங்கம் ஒரு கணம் ஆரஞ்சுச் சுளையானது.
காதை மூடியிருந்தேன்,
பல்லில் கேட்டது.

தலைமை அலுவலகத்துப் படிவத்தில் ஒரு கேள்வி:
நீளம் குறைந்தால் குறி தவறுமா?
ஆம். இல்லை. ஒரு கட்டத்தைத் தொடுக.

தாள்களை மேசையில் பரப்பினேன்.
முதல் தாளின் பத்துத் துளைகள்
கோப்பிக் கிண்ணத்தின் அடிவட்டத்துக்குள் அடங்கின.
எட்டு வெட்டுக்குப் பிறகும்
அதே கிண்ணம், அதே வட்டம்.
கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவே.
குட்டைக் குழல் விறைப்பானது.
நெட்டையைப் போல் அதிர்ந்து அதிர்ந்து அடங்காது.

பிறகு ஜைலானி கிடுக்கியைக் கழற்றிவிட்டு
தோளில் வைத்தான்.
தொலைநோக்கி இல்லை, இரும்புக் குறிமுள் மட்டும்.
துளைகள் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திக்கொண்டன.
ஒன்று விளிம்பில். ஒன்று தாளிலேயே இல்லை.
முன்முள்ளுக்கும் பின்துளைக்கும் நடுவே
இடம் சுருங்கிவிட்டது;
கண்ணருகே மயிரிழைப் பிசகு
அங்கே போய்ச் சேரும்போது உள்ளங்கை அகலம்.

"மகளுக்குக் காய்ச்சல், ராத்திரி உட்கார்ந்தே இருந்தேன்,"
என்றான், தாளைப் பார்க்காமல்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இரண்டையும் தொடாமல் ஓரத்தில் எழுதினேன்:
பிடித்திருப்பது யார்?

ஐந்து மணிக்கு உறைகளை எண்ணினோம்.
நூறு இருக்க வேண்டும், தொண்ணூற்றொன்பது.
இந்த ஊரில் ஒரு பித்தளை உறை கிடைக்காமல்
ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.
நால்வர் முழங்காலில் தவழ்ந்தோம்.
காவலாளி வடிகாலுக்குள் விளக்கடித்தார்.
அது என் காற்சட்டையின் மடிப்பில் இருந்தது,
ஆறிப்போய், அப்பாவியாய்.
அறுத்த வளையங்கள் எட்டு, சரி.
ந. திலோத்தமா, கையெழுத்து, நேரம் 6.40.

பேருந்தில் கைபேசியைத் திறந்தேன்.
பூங்கோதைக்கு எழுதிய செய்தி
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அனுப்பாமல் கிடக்கிறது.
புக்கிட் பாத்தோக் வீட்டு விற்பனை,
யார் எவ்வளவு எடுத்தார்கள்,
அப்பாவை எந்த இரவில் யார் தூக்கிப்போனார்கள்,
யார் போன் எடுக்கவில்லை.
மூன்று பத்தி.

முதல் பத்தியை அழித்தேன். வலிக்கவில்லை.
இரண்டாவதையும்.
மூன்றாவதில் ஒவ்வொரு சொல்லுக்கும்
பெருவிரல் தயங்கியது.

மிஞ்சியது ஒரு வரி:
சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

படித்துப் பார்த்தேன்.
கூப்பிடுவது போலவும் இருந்தது,
குத்துவது போலவும்.

கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தேன்.
லாரிகளுக்கு நடுவே பேருந்து குலுங்கியது.
ஜூ கூன் வரட்டும்.
வண்டி நின்ற பிறகு அனுப்பலாம்.