விளிம்புகளில் டேப் ஒட்டவும்

மெஷினோடு வந்த தாளில் எட்டு மொழிகள்.
சிங்களம் இல்லை, தமிழும் இல்லை.
படங்களைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்:
வெயிலில் வேண்டாம்.
வெறுங்காலோடு வேண்டாம்.
விளிம்புகளில் டேப் ஒட்டவும்.

டேப் பாதியில் தீர்ந்தது.
வெள்ளவத்தையில் ஞாயிறு காலை ஆறரைக்கு
டேப் விற்கிற கடை எது?

கார் வெள்ளி நிறம். வயது பத்தொன்பது.
கடல் பக்கம் மூஞ்சி வைத்து நிற்கிறது;
போகிற ரயில் ஒவ்வொன்றும்
கொஞ்சம் உப்பைத் தூவிவிட்டுப் போகும்.
கழுவித் துடைத்த பொனட்டில்
பிளாஸ்டிக் பை மாட்டிய கையால் தடவினேன்.
வழவழப்பென்று நான் நம்பியிருந்தது
ரவை ரவையாய் விரலில் இடறியது.
களிக்கட்டியால் தேய்க்க நாற்பது நிமிடம்.
பிறகு ரோச் அடித்துப் பார்த்தேன்:
வட்ட வட்டமாய்க் கீறல்கள், சிலந்தி நூற்ற மாதிரி.
யாரும் பகையில் கீறியதில்லை.
நான்தான்.
நாலு வருடமாய்ப் பழைய சட்டைத் துணியால்
அக்கறையோடு துடைத்த காலைகள் எல்லாம்
அங்கே பதிந்து கிடந்தன.

வயர் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து தொங்கியது,
மிஸிஸ் ஒபேசேகரவின் சமையலறைக் கரண்ட்.
"மிக்ஸியைவிடக் கூட இழுக்குமா?" என்று கேட்டா.
தெரியாது என்றேன்.
அன்று எனக்குத் தெரியாதது அது மட்டுமல்ல.

பஞ்சைக் காரில் வைக்குமுன்னே சுவிட்சைப் போட்டேன்.
பட்டாணி அளவில் நாலு சொட்டுக் கொம்பவுண்ட்
சுவரில், என் கன்னத்தில்,
வாசலில் இருந்த சந்திரசோமவின் வெள்ளை யூனிபோமில்.
அவர் யூனிபோமைப் பார்த்தார். பிறகு என்னை.
பிறகு கதிரையைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வை. பூசு. அதற்குப் பிறகு ஓட்டு.
மூன்றாம் வேகம் போதும்.
அமுக்காதே, மெஷினின் பாரமே காணும்.
எறும்பு ஊர்கிற மாதிரி நகர்த்து,
குறுக்கே நாலு, நெடுக்கே நாலு,
போன தடத்தில் பாதியை மறுபடி மிதித்தபடி.
காலி வீதியில் ஓட்டிப் பழகிய கை
கேட்கவில்லை. இடைவெளி கண்டால் பாயப் பார்த்தது.
இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

துடைத்தேன்.
ஒரு முழச் சதுரத்தில்
பக்கத்து வளவுத் தென்னை வந்து நின்றது,
ஈர்க்கு ஈர்க்காய்.
சுற்றிலும் பழைய மங்கல்.
சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
சந்திரசோம கதிரையை ஐந்தடி கிட்டக் கொண்டுவந்தார்.

அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது.
வாங்க வருகிறவர் நாலு மணிக்கு.
இடப்பக்கப் பின்கதவு மட்டும் பாக்கி.
நாலாம் வேகம்.
ஐந்து.
டேப் இல்லாத விளிம்பில், ஒரு ரயில் போகும் நேரம்
பராக்காய் நின்றுவிட்டேன்.

ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. நீலம்.

வெள்ளிக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே
பேனை மை நீலம்.
மற்றக் கதவுகளின் றப்பரை நீக்கிப் பார்த்தேன்:
வெள்ளி, வெள்ளி, வெள்ளி.
இது மட்டும்
பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைச் சுவரிலோ
தனியாகச் சாய்ந்து நின்ற கதவு.
"ஒறிஜினல் பெயின்ட், மிஸ். ஒரு தட்டுக்கூடப் படவில்லை"
என்று விற்ற டெரன்ஸ் பொன்சேகா
தலையிலல்லவா கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.
யார் தலையில் என்று நான் கவனித்திருக்கவில்லை.

ஆக, எங்கோ இந்தக் கார் இடப்பக்கம் அடிபட்டது.
எங்கோ ஒரு நீலக் கார்
கதவைக் கழற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது.
இரண்டிலும் பின்சீட்டில் யாராவது இருந்தார்களா?
நாலு வருடம் என் மகள் அபிநயா
பள்ளிக்கூடப் பையோடு இறங்கியது இந்தப் பக்கம்.
அறைந்துதான் சாத்துவாள்.
மெல்ல, மெல்ல என்று தினமும் கத்துவேன்.

பாணந்துறையிலிருந்து நஸ்மி வந்தபோது நாலேகால்.
பொனட்டில் குனிந்து தலைமயிரைச் சரிசெய்தார்.
"கண்ணாடி மாதிரி இருக்கே. எந்த கராஜில் செய்தது?"
நான்தான் என்றேன். நம்பவில்லை.
ஒரு சுற்று வந்தார், டயரை உதைத்தார்,
ஏசியைப் போட்டு மணந்து பார்த்தார்.
"அடிகிடி பட்டதா?"

சந்திரசோம என்னைப் பார்த்தார்.

நான் சாய்ந்து நின்றிருந்த கதவிலிருந்து
விலகி நின்றேன்.